பின்சக்கரம்

சாலைக்கு இந்தப் பக்கம் கடலூர் மாவட்டம்.
அந்தப் பக்கம் புதுச்சேரி.
நடுவில் லாரிகள்
எந்த மாநிலமும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்தப் பக்கம் என் பஞ்சர் கடை, அதை ஒட்டி வீடு.
அந்தப் பக்கம் இரண்டு பிராந்திக் கடை, ஒரு பெட்ரோல் பங்க்,
அவற்றுக்குப் பின்னால்
வாதாமரத்தோடு அரசு தொடக்கப்பள்ளி.
காலையில் அங்கே பால் பொங்கினால்
காற்று திரும்பும்போது எங்களுக்குத் தெரியும்.
நடந்தால் நூற்று நாற்பது தப்படி.
லாரி விட்டால்.

மோனிஷா சொன்னாள்:
மஞ்சக்குப்பம். இங்கிலீஷ் மீடியம்.
ஏழு அஞ்சுக்கு வேன் வாசலுக்கே வரும்.
எங்க அக்கா பையன் தூக்கத்துலகூட
இங்கிலீஷ்லதான் உளர்றான்.
பதினோரு கிலோமீட்டர் ஒரு தூரமா?
நீங்க ட்யூப் ஒட்டுற காசு வேற எதுக்கு?

நான் பேசவில்லை.
பிராந்திக் கடை வாசலைக் காட்டியபோதும் பேசவில்லை.
சாயங்காலமானால்
எங்கள் தெருவே எல்லை தாண்டிப் போகும்.
ஒரு பிள்ளை படிக்கத் தாண்டினால் என்ன என்று
நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.
எங்கப்பன் தாண்டியதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

தன்ஷிகாவைக் கேட்டோம்.
எந்த ஸ்கூல்ல ஊஞ்சல் இருக்கு என்றாள்.
இரண்டிலும் இல்லை.
அப்ப ரெண்டும் வேணாம் என்று
வால்வு மூடிகளை அடுக்கப் போய்விட்டாள்.

முன்பணம் ஐயாயிரத்தை
எண்ணி, ரப்பர் போட்டு எடுத்து வைத்த இரவு
அந்த வேனே வந்தது.
ஏதோ கல்யாண சவாரி முடிந்து, ஒரு பக்கம் சாய்ந்து.
ஆனந்தவேலு இறங்கும்போதே சொன்னார்:
பின்னாடி, இடது. சீக்கிரம் தம்பி.

கழற்றினேன். தொட்டித் தண்ணீரில் அமுக்கினேன்.
குமிழி வந்த இடத்துக்குப் பக்கத்தில் என் ஒட்டு.
அதற்குப் பக்கத்தில் என் ஒட்டு.
ஐந்து. எல்லாம் என் கை.
டயரைத் தடவிப் பார்த்தேன்.
தன்ஷிகாவின் கன்னம் போல இருந்தது.

மாத்தணும்ண்ணே.
ஓனர்கிட்ட சொல்லியாச்சு, தீபாவளி கழிச்சு.

ஆறாவதையும் ஒட்டினேன்.
பதினெட்டுப் பிள்ளைகள் உட்காரும் வண்டிக்கு.
கூலி வாங்கினேன்.
ஐந்து முறையும் வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு
சாலையைக் கடந்தேன்.
பிலோமினா டீச்சர் ஆதாரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து
ரோட்டுக்கு அந்தப் பக்கமா என்றார்.
அந்தப் பக்கம்தான் டீச்சர்.
ஆனா உங்க மணி அடிச்சா
மொதல்ல என் கடையிலதான் கேக்கும்.
அவர் சிரிக்கவில்லை. பேனா தேடினார்.
தேடிக்கொண்டே,
பாலுக்கு டம்ளர் வீட்டிலிருந்து வரணும் என்றார்.

பக்கம் என்றால் என்ன என்று
ஜூன் மாதம் முழுக்க நான் படித்தேன்.
மோனிஷா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு
சாலை நடுக் கட்டையில் நிற்பாள்.
மணல் லாரி. சிப்காட் டேங்கர். சென்னை பஸ்.
புடவைத் தலைப்பு
ஒரு மாநிலத்துக்கும் இன்னொன்றுக்கும் அடித்துக்கொள்ளும்.
சில நாள் ஆறு நிமிடம்.
அந்த ஆறு நிமிடமும்
என் கையில் எந்த ஸ்பேனர் இருந்தது என்று
எனக்குத் தெரியாது.

டயர் விஷயத்தை ஒருநாள் சொன்னேன்.
கடலூர்ல வேன் அது ஒண்ணுதானா என்றாள்.
சாதம் ஆறும்வரை யோசித்தேன்.
பதில் இல்லை.

ஏழு ஐந்துக்கு
வேன் இப்போதும் கடையருகே வேகம் குறைக்கும்.
ஆனந்தவேலு எனக்கு ஒரு ஹாரன்.
வாய் நிறைய நுரையோடு தன்ஷிகா கையாட்டுவாள்.
மோனிஷா ஜன்னலோர சீட்டைப் பார்ப்பாள்,
அங்கே யார் வீட்டுப் பிள்ளையோ டையைக் கடித்துக்கொண்டிருக்கும்.
நான் பின்சக்கரத்தைப் பார்ப்பேன்,
வளைவில் திரும்பும் வரைக்கும்.